பையை மறைத்தது ஏன்?



சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிறன்று பூசைக்கு வருவோரின் தொகை சற்றுக் கூடுதலாக இருக்கும். பூசை முடிந்த கையோடு பட்டணத்தில் சாமான் வாங்கிக்கொண்டு பிற்பகல் பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை நான் அறியாதவனல்லன். அப்படியான ஒரு ஞாயிறன்று, கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் கோவில் வாசலில் என்னை நிறுத்தினார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். பாவமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"கேளுங்கம்மா" என்றேன்.

"டவுன்ல புதுசா பெரிய கடை தொறந்திருக்காங்கல்ல, இப்ப அங்கதான் சாமான் வாங்குறோம். பஸ்ஸுக்கு வர்றப்போ நம்ம பழைய கடையத் தாண்டித்தான் வரணும். கடைக்காரரு பாத்துருவாருன்னு பைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு வர்றேன். காசு குடுத்துத்தானே வாங்குறேன், களவெடுக்கலையே. பின்ன ஏன் சாமி மறைக்கத் தோணுது?"

செமினாரியில் ஏழெட்டு ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் படித்தவன் நான். ஆயினும் அந்தத் தாயின் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததையே இங்கு எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் பையோடு பஸ் ஏறும் நம் குடும்பங்கள் யாவற்றுக்கும் உரியது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதிய கடைக்குள் போவதில் பாவம் எதுவும் இல்லை. பூமியின் செல்வங்கள் மாந்தர் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காகவே படைக்கப்பட்டவை என்று 1965 ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் போதித்தது. நல்ல சவர்க்காரமும் நல்ல பிஸ்கட்டும் பங்களாவில் இருப்போருக்கு மட்டும் உரியவை, லயத்தில் இருப்போருக்கு ஆகாதவை என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்தத் தாய் பின்னர் சொன்னார்: "அங்க யாரும் என்னை ஏ புள்ளன்னு கூப்புடலை சாமி. வெலை எழுதியிருக்கு. எடுத்துப் பாக்கலாம், வேணாம்னா வெச்சுடலாம். தொரை வீட்டு அம்மாவும் நானும் ஒரே வரிசையிலதான் நின்னோம்." இதைக் கேட்டு நகைப்பவர் நம் மக்களின் சரித்திரத்தை அறியாதவர்.

தோட்டத் தொழிலாளிக்கும் கடைக்கும் இருந்த உறவு என்ன? நெடுங்காலம் அவருக்குக் கடையே இருக்கவில்லை. தோட்டமே அரிசி கொடுத்தது. செக்ரோலில் எழுதி, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அரிசியின் தரத்தையோ விலையையோ அவர் கேட்க முடியாது. இந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவு தொடக்கம் கங்காணியிடம் வாங்கிய முற்பணம் வரை எல்லாம் கடனாகவே ஏறி நின்றது. அந்தக் கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுக்கும் துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் ஒழிக்கப்பட்டது. 1948 இல் குடியுரிமை போயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மடிந்தார்கள். வயதானவர்களைக் கேளுங்கள், மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத நாட்களைப் பற்றிச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, கையில் தன் காசோடு, விலை எழுதிய தட்டின் முன் நின்று "இது வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்வது சிறிய காரியம் அன்று. மனிதனுக்குக் கடவுள் கொடுத்த தெரிவு செய்யும் சுதந்திரத்தின் ஒரு சிறு துளி அதில் இருக்கிறது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

புதிது எது, பழையது எது?

"அது வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடை, நம் போன்றவர்களுக்கு எதற்கு?" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இவர்கள் தங்கள் அடுப்பை ஒருமுறை பார்க்க வேண்டும். லயத்தில் சுடும் ரொட்டி எந்த மாவில் ஆனது? இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அதனால்தான் நம் பாட்டிமார் அதை அமெரிக்கன் மா என்றார்கள். சோற்றுக்கு விடும் மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. அம்பேவெலப் பண்ணையின் மாடுகள் நம் கண்முன்னே மேய்ந்தாலும் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மா பெரும்பாலும் நியூசிலாந்தினது. டின் மீனிலும் கடல் கடந்து வந்தது உண்டு. மலையகத்தின் மிக ஏழையான அடுப்புக்கூட உலகச் சந்தையோடு கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலை நோய் கோப்பிச் செடிகளை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. 1890 இல் ஒருவர் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அவர் பெயர் தோமஸ் லிப்டன். அவர் பிரபுவாகப் பிறந்தவர் அல்லர், தோட்டத்துரையாகத் தொழில் பழகியவரும் அல்லர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1871 இல் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்து, பின் பல நகரங்களில் கடைகளைப் பெருக்கியவர். தம் கடைத்தட்டுகளில் தேயிலையை மலிவாக விற்பதற்காகவே அவர் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கினார். ஒரு மளிகைக் கடைக்காரரின் தட்டை நிரப்பத்தான் அந்த மலைச்சரிவுகளில் கூடைகள் ஏறின.

ஆகவே, பன்னாட்டு மளிகைச் சந்தை நம் மலைக்குப் புதிதாக வந்த விருந்தாளி என்று எண்ணுவது தவறு. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அதற்குள்ளேயே இருக்கிறோம். இதுவரை தட்டின் மேல் இருக்கும் பொருளை உண்டாக்குபவர்களாக இருந்தோம். இப்போதுதான் தட்டின் முன் வந்து நிற்கிறோம்.

நின்றால் என்ன தெரிகிறது? தேயிலைப் பெட்டி தெரிகிறது. அதன் மேல் விலை எழுதியிருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால், அது நான்கு கிலோ தூளாகும். 2024 இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை ஆயிரம் ரூபாவுக்கு மேல் இருந்தது. அதே ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கம்பனிக்கு உரம், விறகு, மின்சாரம், உத்தியோகத்தர் சம்பளம் என்று செலவுகள் உண்டு என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஏலத்துக்கு மேல் பெட்டியும் கப்பலும் விளம்பரமும் சேர்கின்றன. ஆனாலும், தான் பறித்த கொழுந்தை ஒரு சிறிய அழகான பெட்டியில் கண்டு, அதை வாங்க இயலாமல் வைத்துவிட்டு, தோட்டத்தில் கிடைக்கும் தூளோடு திரும்பும் ஒரு பெண்ணின் மனத்தில் எழும் கேள்வி நியாயமானது. வயலை அறுத்தவரின் பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் எழுதியதை அந்தத் தட்டின் முன் நினைவுகூர்வது பொருத்தமே.

கொப்பியில் உள்ள கடன்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கடைக்குப் போவது பாவமில்லை என்றால், பையை மறைக்கத் தோன்றியது ஏன்?

பழைய கடைக்காரரை நானும் அறிவேன். நீங்களும் உங்கள் ஊரில் அப்படி ஒருவரை அறிவீர்கள். பலகைக் கதவு, தொங்கும் தராசு, கல்லாப்பெட்டியின் மேல் ஒரு கடன் கொப்பி. 1983 ஜூலையில் நுவரெலியாவில் தமிழர் கடைகள் எரிந்தபோது எல்லாம் இழந்து, மீண்டும் கடன் பட்டுக் கடை போட்டவர்களும் இவர்களுள் உண்டு. கொழும்பில் கார்கில்ஸ் நிறுவனத்தின் முதலாவது சூப்பர் மார்க்கெட் திறந்ததும் அதே 1983 இல்தான் என்பதைச் சரித்திரம் அருகருகே எழுதி வைத்திருக்கிறது.

2022 ஐ நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டை விட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. ஏறக்குறைய இரு மடங்கு. நாட்சம்பளமோ முந்திய ஆண்டில் நிர்ணயித்த 1,000 ரூபாவாகவே நின்றது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த மாதங்களில், "எழுதிக்கிறேன், எடுத்துட்டுப் போ தாயி" என்று மாவை நிறுத்துக் கொடுத்தவர் யார்? கண்ணாடிக் கதவுள்ள எந்தக் கடையிலும் அப்படி ஒரு கொப்பி இல்லை.

இங்கே நாம் இரண்டு கடன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புனித அக்குவினாஸ் தோமையார் இதில் நமக்கு வழி காட்டுகிறார். சட்டப்படி கொடுக்க வேண்டிய கடன் ஒன்று. நேர்மையின்படி கொடுக்க வேண்டிய கடன் இன்னொன்று. முன்னையது நீதியின் பாற்பட்டது. பின்னையது நன்றியின் பாற்பட்டது.

முதலாவதில் தர்க்கத்துக்கு இடமில்லை. கொப்பியில் நிற்கும் தொகையைக் கட்டாமல், சம்பளக் காசைக் கொண்டுபோய்ப் புதிய கடையில் ரொக்கமாகக் கொடுப்பது அநீதி. அது நன்றி மறத்தல் என்ற அளவோடு நிற்பதில்லை. பிறர் பணத்தை வைத்துக்கொண்டு நமக்குச் சாமான் வாங்குவதாகும். சம்பளத்தன்று ஒரு கடைக்குப் போய், மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது மட்டும் மற்றக் கடைக்குப் போவது, ஒருவரின் கருணையை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய வியாபாரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதாகும். கடன் கொடுக்கும் கடை, ரொக்கம் கொடுக்கும் கைகள் இல்லாமல் எத்தனை மாதம் நிற்கும்? அது மூடப்பட்டபின் அடுத்த பஞ்சத்தில் யாரிடம் போவோம்?

விற்றதும் கொடுத்ததும்

இரண்டாவது கடன் அவ்வளவு எளிதன்று. இங்கே நியாயமான ஓர் ஆட்சேபனை எழுகிறது. "அவர் சும்மாவா கொடுத்தார்? கடனுக்கு வாங்கும்போது இரண்டு ரூபா கூட்டித்தானே எழுதினார். எங்களால் அவரும் பிழைத்தார். வியாபாரத்துக்கு என்ன நன்றி?" என்பார்கள். இந்த ஆட்சேபனையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். எல்லாக் கடைக்காரரும் ஒரு தரத்தவர் அல்லர். எழுத்தறியாத பெண்ணின் கொப்பியில் வாங்காததை எழுதியவர்களும் உண்டு; தராசின் தட்டுக்கு அடியில் விரல் வைத்தவர்களும் உண்டு. கள்ளத் தராசைக் கண்டு கோபித்த ஆமோஸ் தீர்க்கதரிசி இன்று நம் கடைவீதிக்கு வந்தாலும் கோபிக்கக் காரணம் இருக்கும். அப்படி ஏமாற்றியவரிடம், கணக்கை நேர் செய்தபின், யாரும் நன்றிக்கடன் பட்டவர் அல்லர். வேறு கடைக்குப் போவது அவருக்குத் தண்டனையும் ஆகாது. அவர் தேடிக்கொண்ட விளைவு.

ஆனால் நேர்மையாக நடந்தவரின் காரியம் என்ன? இந்தக் கேள்வியை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செனெக்கா என்ற உரோமை ஞானி எழுப்பினார். வைத்தியனுக்குக் கூலி கொடுத்தாயிற்று. ஆசிரியனுக்கும் கூலி கொடுத்தாயிற்று. ஆயினும் அவர்களுக்கு இன்னும் ஏதோ கொடுக்கவேண்டி இருப்பதாக நாம் உணர்வது ஏன்? அவருடைய விடையின் சாரம் இதுதான்: கூலி அவர்களுடைய வேலைக்கு ஈடாயிற்று, வேலைக்கு மேலாக அவர்கள் நம்மீது வைத்த அக்கறைக்கு ஈடாகவில்லை. நோயாளிக்காக விழித்திருந்த வைத்தியன் தான் விற்றதைவிட அதிகம் கொடுத்திருக்கிறான். அக்குவினாஸ் தோமையாரும் நன்றியைப் பற்றி எழுதும்போது செனெக்காவைப் பலமுறை துணைக்கு அழைக்கிறார். கொடுத்த பொருளின் அளவைவிடக் கொடுத்தவரின் மனத்தையே நன்றி நோக்குகிறது என்பது அவருடைய முடிவு. திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்ததை நம் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது இது: 2022 இல் அந்த மனிதர் விற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? மாவின் விலையைக் கொப்பியில் எழுதினார், அதைக் கட்டிவிட்டீர்கள். ஆனால் திருப்பிக் கிடைக்குமோ என்ற நிச்சயம் இல்லாத வேளையில், தானும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டிருக்கையில், "பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்று கேட்டு நிறுத்துப் போட்டாரே, அதை எந்தப் பக்கத்தில் எழுதினார்? எழுதவில்லை. எழுதப்படாத அந்தக் கணக்கைத்தான், அம்மா, உங்கள் கை முந்தானைக்குள் மறைத்தது. நீங்கள் குற்றம் செய்ததற்கு அது அடையாளமன்று. உங்கள் மனச்சாட்சி உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

அந்தக் கடன் எதுவரை கட்டுப்படுத்தும்? அன்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெற்ற பிள்ளைகளின் வயிற்றைக் குறைத்துக் கடைக்காரருக்கு நன்றி செலுத்தும்படி எந்த நீதியும் கேட்பதில்லை. ஒரே அரிசி அங்கே மலிவானால், ஐந்து பிள்ளைகளோடு வாழும் ஒருவர் அங்கே வாங்கத்தான் வேண்டும். நன்றி கேட்பது வேறு. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடாமல், விலையில் பெரிய பேதம் இல்லாத சிலவற்றையாவது பழைய இடத்தில் வாங்குவது; சம்பளத்தன்று முதலில் கொப்பியைத் தீர்ப்பது; வழியில் கண்டால் தலை குனியாமல் நின்று இரண்டு வார்த்தை பேசுவது. இவை சிறியவை. ஆனால் நட்பு பெரும்பாலும் இத்தகைய சிறியவற்றால்தான் உயிர் வாழ்கிறது.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. விலையைப் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. புதிய கடை நம் மக்களுக்குக் கொடுத்த மரியாதையைப் பழைய கடையும் கொடுக்கலாம். அதற்குக் கண்ணாடிக் கதவு தேவையில்லை. கணக்கை வாசித்துக் காட்டி, "சரிதானே அக்கா?" என்று கேட்டு எழுதினால், பாதி வாடிக்கையாளர் வேறெங்கும் போகமாட்டார்கள்.

"போதும்" என்று சொல்பவர் யார்?

பெரிய கடையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லாமல் விடலாகாது. அங்கே எதுவும் தற்செயலாக வைக்கப்படுவதில்லை. அரிசி, பருப்பு போன்ற அன்றாடத் தேவைகளைப் பெரும்பாலும் உள்ளே தள்ளி வைப்பார்கள்; அங்கே போய்ச் சேருவதற்குள் பத்துத் தட்டுகளைக் கடக்க வேண்டும். இனிப்பைப் பிள்ளையின் கண்மட்டத்தில் வைப்பார்கள். காசு கட்டும் இடத்தில் காத்து நிற்கையில் கை தானே நீளும். இது களவன்று; வியாபாரக் கலை. ஏதேன் தோட்டத்தின் கனி கண்ணுக்கு இனியதாய் இருந்தது என்று ஆதியாகமம் சொல்வதையும் நாம் அறிவோம். கண்டதனால் பிறக்கும் ஆசை, தேவையினால் பிறக்கும் ஆசையைப்போலவே பேசும். இரண்டையும் பிரித்தறிவது பயிற்சியினால் வருவது.

பழைய கடையில் ஒரு தடுப்பு இருந்தது. மாதம் பாதியிலேயே கணக்கு ஏறிவிட்டால், "இந்த மாசம் இது போதும் தங்கச்சி" என்று கடைக்காரர் சொல்வார். அது சில வேளைகளில் அவமானமாகவும் இருந்தது. சில குடும்பங்களைக் காப்பாற்றவும் செய்தது. புதிய கடையில் அப்படிச் சொல்வார் இல்லை. சொல்ல வேண்டியவர் நாமே. சுதந்திரம் கிடைத்தவருக்கு இந்த வேலையும் சேர்ந்தே கிடைக்கிறது. வீட்டிலிருந்தே துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவதும், பிள்ளைக்கு "இன்றைக்கு ஒரு சாமான், நீயே தெரிவு செய்" என்று சொல்லிப் பழக்குவதும் சிறந்த ஞானப் பயிற்சிகள் என்பேன்.

வாங்குவது வெறும் பொருளாதாரக் காரியம் அன்று, அது எப்போதும் ஓர் ஒழுக்கச் செயலுமாகும் என்ற கருத்தைப் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009 இல் வெளியிட்ட சுற்றுமடலில் வலியுறுத்தினார். செல்வந்த நாடுகளின் மக்களுக்கு மட்டும் உரிய போதனை என்று இதை நான் முன்பு எண்ணியிருந்தேன். நுவரெலியாவில் விளைந்த உருளைக்கிழங்கும் கப்பலில் வந்த உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் அருகருகே கிடக்கும்போது, எதை எடுப்பது என்பது நம் கைக்கும் வந்துவிட்டது. பெரிய நிறுவனங்களை வெறுமனே சபிப்பதும் நியாயமாகாது. கார்கில்ஸ் நிறுவனம் 1999 இல் ஹங்குராங்கெத்தவில் மரக்கறிகளை விவசாயிகளிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. நடுத்தரகர் கைக்குப் போனதில் ஒரு பங்கு விவசாயிக்கு வர அது வழி செய்தது. நல்லதை நல்லது என்று சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்பதே வாங்குபவரின் முறை.

என் பங்குக்கு

இவ்வளவும் எழுதியபின் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஞாயிறன்று அந்தத் தாய்க்கு நான் உடனே விடை சொல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நானும் அந்தப் புதிய கடைக்குப் போயிருந்தேன். ஒரு டின் பழப்பாகும் ஒரு கட்டிப் பாற்கட்டியும் வாங்கினேன். திரும்பும் வழியில், பழைய கடைக்காரர் வாசலில் நிற்கக் கண்டு, கையிலிருந்த பையைக் குடைக்குப் பின்னால் மாற்றிப் பிடித்துக்கொண்டேன். மழை பெய்யவில்லை.

அந்தத் தாய் கேட்ட பிறகுதான் குருமனையின் கணக்கைப் பார்த்தேன். எங்கள் கொப்பியில் மூன்று மாதப் பாக்கி நின்றது. சமையலுக்கு வாங்கிய அரிசி, தேங்காய், திருநாளுக்கு வாங்கிய சீனி. அவர் ஒருநாளும் கேட்கவில்லை. சாமியிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டார். மற்றவருக்குப் போதிக்க வேண்டிய முதல் பாடத்தை நானே கட்டாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை போய்க் கணக்கை முடித்தேன். கட்டியபின், "நானும் அந்தப் பெரிய கடைக்குப் போகிறேன், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"தெரியும் சாமி. குடைய பாத்தேன். நானும்தான் போனேன். வீட்டுக்காரி சவர்க்காரம் கேட்டா, அங்க வெலை கொறைவு. எவ்வளவுக்கு விக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டும் வந்தேன்."

பின் கொப்பியைத் திறந்து, எங்கள் பக்கத்தில் குறுக்குக் கோடு இழுத்தார். அடுத்த பக்கத்தின் மேலே, அன்றைய திகதியைப் போட்டு, குருமனை என்று மறுபடியும் எழுதினார். ஒரு கிலோ பருப்பும் ஒரு பக்கற் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு, காசைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா, உங்களுக்கு என் விடை இதுதான். போங்கள், உங்கள் காசுக்கு நல்லதை வாங்குங்கள். கொப்பியை முதலில் தீர்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது அவர் கடை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பை வெளியிலேயே இருக்கட்டும்.